நாற்பத்து மூன்று பேர், ஏழு பேர் குழு

2024 ஜூன் 10, திங்கட்கிழமை, மறைமலைநகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நாற்பத்து மூன்று பயிற்சியாளர்கள் சேர்ந்தார்கள்.

சோதனை மேடையில் ஒரு நாளைக்கு ஒரு குழு. ஏழு பேருக்கு மேல் நிற்க முடியாது. பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் மதிப்பெண் போடுவார்கள். ஆகவே எந்த இருவரும் ஒரு நாளாவது சேர்ந்து நின்றிருக்க வேண்டும்.

பயிற்சி அலுவலர் ரோகிணியின் வேலை நிரந்தரமாகுமா என்பது அந்த வெள்ளிக்கிழமை முடிவாக இருந்தது. சென்ற முறை முப்பத்தொரு பேர், ஆறு பேர் குழு; முப்பத்தொரு நாளில் பிசகில்லாமல் முடித்தாள். இம்முறையும் வகுத்துப் பார்த்தாள். மொத்த ஜோடிகள் 903, ஒரு குழுவில் 21. மீதியில்லாமல் 43 வந்தது. நாற்பத்து மூன்று நாள் என்று கையெழுத்திட்டு மேலாளர் சீனுவிடம் கொடுத்துவிட்டுத்தான் அட்டவணை போட உட்கார்ந்தாள்.

புதன்கிழமை கேன்டீனில், மேடைப் பொறுப்பாளர் முபஷ்ஷிர் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேடம், நாஸ்தா ஆறிப்போச்சு. இன்னும் கட்டம் போட்டுகினே கீறீங்க?"

"இருபத்தெட்டாவது நாளோட நிக்குது. யாரைப் போட்டாலும் முன்னாடியே சேர்ந்தவங்களா இருக்காங்க."

"ஒரு ஜோடி ரெண்டு தபா நின்னா குடியா முழுகிடும்?"

"அப்போ வேற ஒரு ஜோடி சேரவே சேராது. அவங்களுக்கு மார்க் யார் போடுறது? நீங்களா?"

"எனுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?" என்று தட்டோடு நகர்ந்தான்.

வியாழன் காலை, கம்பெனி பஸ்ஸில், ஆட்களைப் புள்ளிகளாகவும் குழுக்களைக் கோடுகளாகவும் வைத்து, எந்த இரு புள்ளியும் ஒரே ஒரு கோட்டில் சேரும் அமைப்பைப் போனில் தேடினாள். இந்த எண்ணிக்கையில் அப்படி ஓர் அமைப்பே கிடையாது என்று நூறு வருடத்துக்கு முன்பே நிரூபித்திருந்தார்கள். ஐம்பத்தேழு பேர், எட்டு பேர் குழு என்றால் உண்டு. அதில் இரண்டு குழுக்களைக் கலைத்து, ஒருவர் இரண்டிலும் இருந்ததால் அவற்றிலிருந்த பதினைந்து பேரில், அந்தப் பொது ஆளை விட்டு வேறு ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று பேர் மிஞ்சினார்கள். குழுவுக்கு ஆறு அல்லது ஏழு பேர். ஐம்பத்தைந்து நாள்.

வெள்ளிக்கிழமை சீனு பழைய தாளையும் புதிய தாளையும் பார்த்தார்.

"வகுத்தா சரியா வருதேம்மா?"

"வருது சார். ஆனா அடுக்க முடியாது."

"முப்பத்தொண்ணுக்கு வந்துச்சு, நாப்பத்துமூணுக்கு வராதா? பன்னண்டு நாள் மேல கேட்டா மேல இருக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது? இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார். பார்க்காம போட்டுட்டேன்."

ஐம்பத்தைந்து நாள் அட்டவணைக்கு ஒப்புதல் கிடைத்தது. ரோகிணியின் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது.