பூப்பாத்தியில் எழும்பின புகை

இப்போதைய ஆட்களுக்கு எதையும் குனிந்து பார்க்க ஏலாது. போனில் படம் பார்த்து வீடு வாங்குவார்கள், போனிலேயே குறையும் சொல்வார்கள். என் மருமகன் யசோதரன் மெல்பேர்ணில் இந்த வீட்டை வாங்கியதும் அப்படித்தான். கொங்கிறீற் தளம் போட்ட வீடு. சூட்டுக் காற்றும் குளிர் காற்றும் போகிற குழாய்கள் அந்தத் தளத்துக்கு அடியில் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஒவ்வொரு அறைத் தரையிலும் ஒரு கம்பி வாய், அதற்குள்ளால் காற்று வரும்.

"குழாய் பழுதானால் எப்பிடிப் பார்க்கிறது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அது பழுதாகாது மாமா."

ஆர் சொன்னது என்று கேட்டேன். வீடு விற்ற ஏஜென்ற் சொன்னானாம்.

குளிர் தொடங்கி ஹீற்றரைப் போட்டதும் பேத்தி வினுஷாவுக்கு இருமல் பிடித்தது. அவளுடைய அறையில் படுத்தால் இருமுவாள். பின்வளவில், அடியில் வெளி விட்டு மரக்கட்டைகளின் மேல் தனியாக நிற்கிற, குழாய் வராத என் அறையில் விளையாடும்போது இருமமாட்டாள். மகள் சஜிதா மருந்தை மாற்றினாள், தலையணையை மாற்றினாள். குழாய்க்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று நான் சொன்னேன். மணம் என்னவோ ஈரச் சாக்கு மாதிரித்தான் இருந்தது, ஆனாலும் நான் எலியில்தான் நின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குச் சாம்பிராணி காட்டும்போது பார்த்தேன், புகை மேலே போகவில்லை. வளைந்து, சுவரில் வீட்டுக் காற்றை ஹீற்றருக்கு இழுக்கிற கம்பி வலைக்குள் போனது. போனது எங்காலே வருகிறது என்று பார்ப்போமே. தூபக்காலை வலைக்குக் கிட்டப் பிடித்து இன்னும் ஒரு பிடி போட்டேன்.

பிறகு அறை அறையாகப் போய்த் தரையில் மூக்கை வைத்தேன். குசினியில் புகை வந்தது. பெரிய அறையில் வந்தது. வினுஷாவின் அறையில் மட்டும் நூல் மாதிரி மெலிசாக, ஈரச் சாக்கு மணத்தோடு. மிச்சப் புகை எங்கே?

அதற்குள் அலாரம் கத்தியது. யசோதரன் காதில் மாட்டினதோடு ஓடிவந்தான்.

"மாமா, நான் மீற்றிங்கில இருக்கிறன். வீட்டைக் கொளுத்துறியளோ?"

"நீர் மீற்றிங்கைப் பாரும். நான் எலியைப் பார்க்கிறன்."

யன்னலடியில் நின்ற வினுஷா கூப்பிட்டாள். "அம்மப்பா, லுக். பூ சிகரெட் குடிக்குது."

வெளியே போய்ப் பார்த்தோம். அவளுடைய யன்னலுக்குக் கீழே, ரோசாப் பாத்தி மண்ணுக்குள்ளால் சாம்பிராணிப் புகை ஆறுதலாக எழும்பிக்கொண்டிருந்தது.

யசோதரன் காதில் மாட்டினதைக் கழற்றினான். "வெயில் காலம் முழுக்க இதுக்குத்தானே நான் தண்ணி விட்டனான்," என்றான்.

ஹீற்றர் வேலை செய்கிற துஷாந்த் வந்து, வெளிச்சம் பூட்டிய கமெராவைக் குழாய்க்குள் விட்டான். ஒரு பக்கம் நசிந்து வெடித்திருந்தது. உள்ளே மண்ணிறத் தண்ணீர், சுற்றிவரக் கறுத்த பூஞ்சணம். பிள்ளை சுவாசித்தது அதைத்தான்.

"எலி இல்லை அங்கிள்."

"கமெரா போகாத இடத்திலை கிடக்கும்."

அவன் சிரித்துவிட்டு யசோதரனிடம் சொன்னான்: "கை எட்டோணும் எண்டால் தளத்தை வெட்டோணும். இல்லாட்டி இதுகளை அடைச்சுப்போட்டுக் கூரைக்குள்ளாலை புதுசு விடலாம். அதுவும் வேண்டாமெண்டால், தண்ணியை இறைச்சுப்போட்டு இதுக்குள்ளை ஒரு சின்னக் குழாயைச் செருகலாம்."

யசோதரன் செருகச் சொன்னான்.

"வெடிச்ச குழாய்க்குள்ளை திரும்பத் தண்ணி வருமே?" என்று கேட்டேன்.

"வரும் அங்கிள். சின்னக் குழாய்க்கு வெளியிலை நிக்கும். உள்ளுக்கு வராது."

"அந்த வெளியை எப்பிடிப் பார்க்கிறது?"

"பார்க்கேலாது. அதுக்குத்தானே உத்தரவாதம் தாறம்."

நான் வினுஷாவின் மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன்.

"எங்கை கொண்டு போறியள் மாமா?"

"என்ரை அறைக்கு. பிள்ளை அங்கை படுக்கட்டும். அதுக்குக் கீழை குனிஞ்சு பார்க்கலாம்."

பின்கதவால் இறங்கி நடந்தேன். எலியும் அந்தக் குழாய்க்குள்தான் எங்கேயோ கிடக்கிறது.