அண்டாவுக்கு வந்த அரசாங்க நம்பர்

எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையில் மாரியம்மன் கோயில் அண்டா இருப்பது இந்தத் தேயிலைத் தோட்டத்தில் தெரியாத ஆளில்லை. கோயிலுக்குப் பூட்டுப் போட்ட அறை கிடையாது, பாடசாலைக்கு உண்டு. அதனால் திருவிழா முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து எங்களிடம் கவிழ்த்துவிடுவார்கள். அடுத்த திருவிழாவுக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நான் அதிபராக வருவதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம். இதற்கென்று யாரும் யாருக்கும் ஒரு துண்டுக் கடிதம்கூட எழுதிக் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு சீனி வாங்கினால் ரசீதா கேட்கிறோம்?

வருடக் கடைசிப் பொருள் கணக்கெடுப்புக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவன் புவனேந்திரன். எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பாக்கியலெட்சுமியின் மகன், என்னிடம் படித்தவன். கணக்குப் பிரிவில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையெல்லாம் களஞ்சிய அறை வரைக்கும்தான்.

மேசை, கதிரை எல்லாம் எண்ணி முடித்தவன் அண்டாவின் முன்னால் நின்றான்.

“டீச்சர், இது புத்தகத்துல இல்லையே.”

“எப்படிடா இருக்கும்? கோயில் அண்டா. சின்னப் புள்ளையில இதுக்குள்ள எறங்கி அடிப்பொங்கல சொரண்டித் தின்னவன்தானே நீ?”

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

“கோயில்காரவுங்க குடுத்த கடிதம் ஏதும் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப மேலதிகம். நிதிப் பிரமாணப்படி மேலதிகமா இருக்கிறத கணக்குல எடுக்கணும் டீச்சர். அரசதுறைக் கணக்கீட்டு நியமத்துல சொத்துன்னா என்ன? யாரு கட்டுப்பாட்டுல இருக்கோ அவங்களோடது. அறை ஒங்களோடது, சாவி ஒங்க கையில. அப்ப கட்டுப்பாடு பாடசாலைக்குத்தான்.”

பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான். “எங்க தோட்டம்னு கண்ண மூடிக்கிட்டேன்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாது டீச்சர்.”

எனக்குக் கோபமும் வந்தது, அவன் மேல் பாசமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? அண்டாவின் வயிற்றில் வெள்ளைப் பெயின்டால் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள்.

திருவிழா நெருங்கியது. பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு சாயங்காலம் பாக்கியலெட்சுமி அக்கா வந்தார். தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

“அண்டாவ எடுக்க முடியாதாமே டீச்சரம்மா?”

“ஒங்க மகனோட வேலைதான் அக்கா. அரசாங்கச் சாமான் கேட்டுக்கு வெளிய போகக் கூடாதாம். அனுமதி கேட்டு எழுதியிருக்கேன். பதில் வர்றதுக்குள்ள திருவிழா முடிஞ்சிரும். பசறை டவுன்ல ஒரு அண்டா வாடகைக்கு எடுத்தா ஆகாதா?”

ஆகாது என்று அக்கா தலையை ஆட்டினார். அப்புறம்தான் விசயத்தைச் சொன்னார். மகனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் அந்த அண்டாவில் தோட்டத்துக்கே பொங்கல் வைப்பதாக அம்மனிடம் நேர்ந்திருந்தாராம். வேலை கிடைத்துவிட்டது. வேலை கிடைத்தவனே அண்டாவைப் பிடித்து வைத்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“அவன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருமே அக்கா.”

“வேணாங்க. நேத்திக்கடன்னு தெரிஞ்சா எனக்காக வளைஞ்சு குடுத்துருவான். வேலைக்குப் போன சுருக்குல அம்மாவுக்காக வளைஞ்சான்னு பேரு வாங்கணுமா? நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத என்னிடம் போய்ச் சத்தியம் வாங்கினார், பாருங்கள்.

வழி கண்டுபிடித்தவர் கோயில் தலைவர் மாரிசாமி. பாடசாலை வாசலில் நின்று தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

“அண்டா வெளிய வரக் கூடாது, அவ்வளவுதானுங்களே? அப்ப ஆத்தா உள்ள வரட்டும்.”

மைதானத்தை விடுமுறை நாளில் கொடுக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. அப்போதே கொடுத்தேன். புவனேந்திரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதைத் தடுக்க ஒரு பிரமாணமாவது அகப்படுமா என்று அவன் தேடியிருப்பான். அகப்படவில்லை.

“சரி டீச்சர். ஆனா அரசாங்கச் சாமானுக்குப் பொறுப்பா நானும் வந்து நிப்பேன்” என்றான்.

வந்தான். அதே மாதிரி மடிப்புக் கலையாத சட்டை. தப்படித்துக்கொண்டு அம்மன் ஊர்வலம் பாடசாலைக் கேட்டுக்குள் நுழைந்தது. மைதானத்தில் கல் அடுப்புக் கூட்டியாயிற்று. அண்டாவைத் தூக்கி வர வேண்டும். களஞ்சிய அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

“நாலு பேரு வாங்க. பாத்துத் தூக்குங்க, நம்பர் அழிஞ்சிறக் கூடாது” என்றான் புவனேந்திரன்.

பையன்கள் அவனைப் பார்த்தார்கள், பிறகு நமுனுகுல மலையைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். நானும் என் பங்குக்கு, “தூக்குங்கப்பா” என்றேன். ம்ஹூம்.

அடுப்படியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏய், தூக்கிட்டு வாங்கடா.”

அவ்வளவுதான். அண்டா அடுப்பில் இருந்தது.

புவனேந்திரன் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். சின்ன வயதில் கணக்குக்கு விடை பிடிபடும்போதும் அவன் முகம் அப்படித்தான் ஆகும். செய்த சத்தியத்தைக் காப்பாற்ற எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நெருப்பு ஏற ஏற வெள்ளை நம்பர் மஞ்சளாகி, கறுத்து, புகைக்குள் காணாமல் போனது. அவன் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான்.

பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். நேர்ந்தவர் அம்மனிடம் வாய்விட்டுச் சொல்லி முடிப்பது இங்கே வழக்கம். பாக்கியலெட்சுமி அக்கா கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

“ஆத்தா, எம் மகன் புவனேந்திரனுக்கு அரசாங்க உத்தியோகம் கேட்டேன், குடுத்துட்ட. இந்த அண்டாவுல பொங்குறேன்னு சொன்னேன், பொங்கிட்டேன். நல்லா வச்சிரு அவன.”

அவன் என் பக்கம் திரும்பினான்.

“டீச்சர், ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“நீ வளைஞ்சிருவேன்னு ஒங்க அம்மாவுக்குப் பயம். சத்தியம் வாங்கிருச்சு.”

அவன் அழுதான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினான்.

“நாளைக்கே எழுதுறேன் டீச்சர். முன்னைய காலப் பிழைன்னு நியமத்துலயே இருக்கு. கண்டுபிடிச்சா திருத்தியே ஆகணும். அண்டா பாடசாலைச் சொத்து இல்ல.”

“அம்மாவுக்காக வளையிறியாடா?”

“இல்ல டீச்சர். சாவி ஒங்க கையில இருந்துச்சு, உத்தரவு நான் போட்டேன். அண்டா வந்துச்சா?”

“வரல.”

“கோயில் சனம் சொன்னாத்தான் வருது. அதான் கட்டுப்பாடு. நான்தான் பிழையா எடுத்துட்டேன்.”

எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது வெயில் இறங்கிவிட்டது. பாக்கியலெட்சுமி அக்கா ஆறிப்போன அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

“டேய் புவனா, காவல் காத்தது போதும். வந்து அடியச் சொரண்டு, ஒனக்குன்னுதான் வச்சிருக்கேன்.”

கணக்குப் பிரிவு உத்தியோகத்தர், மடிப்புக் கலையாத சட்டையோடு, அண்டாவுக்குள் தலையை விட்டார்.