ஏழு ஊர், ஏழு ராஜினாமா

முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய வீட்டை விட்டு அவள் கிளம்பியபோது கையில் ஒரு பெட்டி, ஒரு மேசை விசிறி. அவ்வளவுதான். அடி உதை என்று ஒன்றும் கிடையாது. இன்னொருத்தி என்ற பேச்சுக்கும் இடமில்லை. மின்வாரியத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற கணவர், அங்கே ஆட்களை மேய்த்த பழக்கத்தில் இங்கே அவளை மேய்க்க ஆரம்பித்துவிட்டார். காலையில் எழுந்ததும் அன்றைய வேலைகளை நேரம் போட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். துணி காயப்போட பன்னிரண்டு நிமிடம். அவள் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் பின்னாலேயே வந்து நிற்பார்.

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு நாள் அந்தத் தாளை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா இனிமே என்னால முடியாது. பிரிஞ்சிடலாம்."

அவர் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "சரி," என்றார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பெட்டியை அடுக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு தையல் கடைக்கு மேலே அறை பார்த்துக் கொடுத்தது நாத்தனார். கணவரின் ஒரே தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவளிடம் வண்டி கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர் பிரேக் மேடம். பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டேயிருக்கும்.

"ஜீவனாம்சம் எவ்வளவு கேக்கப் போறீங்க அண்ணி?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. விட்டாப் போதும்."

"போதுமா? மாசா மாசம் வாடகை யார் தருவா? கீழ தைக்கிறாரே, அவரா?"

"உங்க அண்ணன்கிட்ட போய் நான் கை நீட்டணுமா?"

"கை நீட்டறதா? அண்ணி, எங்க அண்ணனை நான் உங்களைவிட அதிக வருஷமா பார்த்துட்டு இருக்கேன். சட்டை பித்தான் அறுந்தா எதைத் தேடறதுன்னு தெரியாத ஆளு. அந்த ஆளுக்கு இத்தனை பெரிய பென்ஷன் எப்படி வந்துச்சு? கிளம்புங்க, வக்கீலைப் பார்த்துட்டு வரலாம்."

வக்கீல் அம்மாளுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"ரத்தப் பரிசோதனைக் கூடத்துல டெக்னீஷியன்."

"அப்புறம்?"

"அப்புறமும் அதேதான். அவருக்கு மாற்றல் வரும். நான் வேலையை விடுவேன். புது ஊர்ல தேடிப் பிடிச்சு, மறுபடி முதல்படியிலேருந்து ஆரம்பிப்பேன். நிலைச்சு நிக்கறதுக்குள்ள அடுத்த மாற்றல் வந்துடும்."

"எத்தனை தடவை?"

விரல்விட்டு எண்ணினாள். "ஏழு."

வக்கீல் கைக்குட்டையை மேசையில் வைத்தார். "உங்களுக்குன்னு ஒரு பென்ஷன் வராமப் போனதுக்கு இதுதாம்மா காரணம். மாசத் தொகை, அவர் பென்ஷன்ல பங்கு ரெண்டையும் கேக்கலாம். ஆதாரம் இருக்கா?"

இருந்தால்தானே. அந்தப் பரிசோதனைக் கூடங்களில் பாதி மூடியாகிவிட்டது. மீதியில் பழைய பதிவேடு எதுவும் இல்லை. நாத்தனார் இரண்டு வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தும் கிடைத்தது ஒரே ஒரு பழைய அடையாள அட்டை.

சமரசப் பேச்சுக்கு நீதிமன்றத்தின் பின்கட்டில் ஒரு சின்ன அறை. மேசையின் தலைப்பக்கம் சமரசம் பேசிவைக்கும் ஓர் அம்மாள். இந்தப் பக்கம் வக்கீலோடும் நாத்தனாரோடும் அவள், அந்தப் பக்கம் அவர். இளைத்திருந்தார். சட்டைக் காலர் இஸ்திரி காணாமல் சுருண்டிருந்தது. அதை நிமிர்த்திவிடப் பரபரத்த கையை மடிக்குள் அடக்கிக்கொண்டாள்.

அவருடைய வக்கீல் இளைஞர், கெட்டிக்காரர். "எதிர்த்தரப்பு அம்மா வேலை பார்த்ததுக்கு ஒரு பழைய அட்டையைத் தவிர ஆதாரம் இல்லை. பார்த்திருந்தாலும் தானா விருப்பப்பட்டுத்தான் விட்டிருக்காங்க," என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க சார்," என்றார் சூப்பர்வைசர்.

பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். உள்ளே ஏழு கார்பன் நகல்கள், தேதி வரிசைப்படி, ஓரத்தில் எண் போட்டு.

"இதெல்லாம் இவளோட ராஜினாமாக் கடிதம். ஏழையும் எழுதினது நான்தான். இவ கையெழுத்து மட்டும்தான் போட்டா. எழுதித் தர்றப்ப ஒரு தடவைகூட உனக்குச் சம்மதமான்னு நான் கேட்டதில்லை."

வக்கீல் அவர் காதருகே குனிந்தார். "சார், நீங்க நம்ம பக்கம்."

"தெரியும். அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

அவள் அந்த நகல்களை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினாள். அதற்குள் அவர் ஐந்தாவது தாளை உருவினார்.

"ஆனா இது ஒண்ணு மட்டும் என் கணக்குல வராது. அப்ப எனக்கு மாற்றல் வந்தது உண்மை. ஆனா மூணு மாசத்துக்கு முன்னாடியே நீ விட்டுட்ட. அந்த டாக்டர் கத்தறார்னு."

அவள் யோசித்துப் பார்த்தாள். "ஆமா. கிளம்பறப்ப அவர் மேசையில யூரின் சாம்பிள் சீசாவை வச்சிட்டு வந்தேன். கத்திக்கிட்டே அதைத் தட்டிவிட்டுட்டார்."

"அப்ப ஆறுதான்."

"ஆறுதாங்க," என்றாள் அவள். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் மீசை ஓரம் அசைந்தது. நாத்தனார் மேசைக்கு அடியில் காலை ஓங்கி அழுத்தினாள்.

மாதத் தொகை அன்றே முடிவானது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு. அவருக்குப் பின் அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பணம் அவளுக்கே என்றும் தீர்ப்பில் எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் பிரிந்த மனைவிக்குக் கிடைக்காது என்று தானே விசாரித்து வைத்திருந்தார்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனாவை மூடிவிட்டார்.

"இப்ப வேணாம். ரெண்டு மாசம் போகட்டும்."

நாத்தனார் துள்ளி எழுந்தாள். "இழுத்தடிக்கப் பாக்கறியா அண்ணா?"

"இவ முழங்கால் ஆபரேஷன் பாக்கி இருக்கு. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா என் மருத்துவ அட்டையில இவ பேரு போயிடும். ஆபரேஷன் முடியட்டும், நடக்கட்டும். அப்புறம் போடறேன்."

சமரசம் பேசிய அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முழங்கால் விஷயம் தனக்கு மட்டும்தான் ஞாபகம் என்று இவள் நினைத்திருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவர் தினமும் நாலு மணிக்கு வந்தார். மாத்திரை நேரத்தைத் தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். நர்ஸ் அதைப் பிய்த்து எறிந்தபோது, ஃபிரிட்ஜில் முதல் தாள் ஒட்டிய அன்றே நாமும் இப்படிச் செய்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. மனசு மாறியதா என்று நாத்தனார் ஜாடையாகக் கேட்டாள்.

"இல்லம்மா. நாலு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போறார் பாரு, அப்படி இருக்கறப்ப எனக்கு அவரை ரொம்பப் பிடிக்குது," என்றாள்.

சொன்னபடி அவர் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள். படியிறங்கும்போது, பிடித்துக்கொள்ள முழங்கையை நீட்டினார். பிடித்துக்கொண்டாள்.

"ரூம்ல எர்த் கனெக்ஷன் சரியா இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்?"

"சனிக்கிழமை வந்து பாக்கட்டுமா?"

"வாங்க. டீ போட்டுத் தரேன். ஆனா டீயைக் குடிச்சதும் கிளம்பிடணும்."

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க," என்றாள் அவள்.