வீட்டில் வண்டி ஓட்டுபவர்கள் எத்தனை பேர்

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை, என் காரின் முன்கண்ணாடியைக் கழுவும் நீலத் தண்ணீரை என் கணவர் லீலண்ட் ஊற்றி நிரப்பினார். மூடியைத் திருகிவிட்டு, "இன்னும் ரெண்டு பனிக்குத் தாங்கும்" என்றார். திங்கள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் கார் காப்பீடு அவர் பொறுப்பு. தவணை அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் இறந்ததை நான் வங்கிக்கு ஒழுங்காகச் சொன்னேன். அவர்களும் ஒழுங்காகக் கணக்கை மூடினார்கள். ஜூன் மாதம், பின்விளக்கு எரியவில்லை என்று ஷெரிப்பின் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தியபோதுதான் எனக்குக் காப்பீடே இல்லை என்று தெரிந்தது. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அக்டோபரில் உரிமம் திரும்பக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. எனக்குக் காப்பீடு இருக்கிறது என்று ஏதாவது ஒரு நிறுவனம் மாநிலத்துக்கு உத்தரவாதம் அனுப்ப வேண்டும். அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களிடமும் இதே உத்தரவாதத்தைத்தான் கேட்பார்கள். அதனால் எங்கள் பழைய நிறுவனம் கையை விரித்தது. இன்னொன்றும் விரித்தது.

"மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலன்னா வீட்டை வித்துட்டு எங்கிட்ட வந்துடும்மா. கார் இல்லாம அங்க எப்படி இருப்ப?" என்றாள் ஒமாஹாவிலிருக்கும் மகள் ஜனெல். அவள் கேட்டது நியாயம். எங்கள் வீட்டிலிருந்து மளிகைக் கடையே பதினெட்டு மைல். ஆனால் வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

மூன்றாவது இடத்துக்கு லீலண்டின் அக்கா ஆர்டித் தன் காரில் அழைத்துப் போனார். வழியில் சோளம் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்திப் போயிற்று.

"ஏண்டி லவான், குடிகாரப் பசங்க வாங்கற காகிதத்தையா வாங்கப் போற? நம்ம குசேரா குடும்பத்துலயே நீதான் மொத ஆளு."

"உங்க ஓட்டத்துக்கு உங்களைத்தான் மொதல்ல புடிச்சிருக்கணும் அண்ணி."

அங்கே பல நிறுவனங்களுக்குக் காப்பீடு பிடித்துத் தரும் கேலனுக்கு நாற்பது வயதிருக்கும். எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை காபி கொடுத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தான்.

"வீட்ல வண்டி ஓட்டறவங்க எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேர்," என்றேன். வாய் தானாகச் சொன்னது. லீலண்டின் பெயரையும் பிறந்த தேதியையும்கூடச் சொன்னது.

கேலன் தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட, உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷருங்க! இத்தனை வருஷத்துல ஒரு அபராதம்கூட இல்ல. அவர் இருக்கறதால உங்களையும் எடுத்துக்கறாங்க. ஒரு கையெழுத்துப் போட வரச் சொல்லுங்க, போதும்."

"வரமாட்டான்," என்றார் ஆர்டித்.

"ஃபோன்ல பேசினாலும் போதுங்க."

"எடுக்கவும் மாட்டான். செத்து எட்டு மாசம் ஆச்சு."

கேலனின் காதுகள் சிவந்தன. முதலில் சிரித்தது நான்தான். பிறகு ஆர்டித் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேலன் மன்னிப்புக் கேட்டபடியே லீலண்டை நீக்கினான். உடனே கணினி என்னையும் வேண்டாம் என்றது. எங்கள் சிரிப்பு நின்றது.

அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "காப்பீடு எப்படிங்க விட்டுப்போச்சு?"

முந்தைய இரண்டு நிறுவனங்களிலும் விட்டுப்போனதா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள். நான் வங்கிக் கதையைச் சொன்னேன். அவன் ஒரு நிறுவனத்துக்கு ஃபோன் போட்டான்.

"குடியெல்லாம் இல்லைங்க. விபத்தும் இல்ல. புருஷன் போயிட்டார்னு பேங்க்குல உண்மையைச் சொன்னாங்க, அதான் இவங்க பண்ணின தப்பு." பிறகு என் பக்கம் திரும்பி, "இறப்புச் சான்றிதழ் எப்போ கொண்டுவர முடியும்னு கேக்கறாங்க," என்றான்.

கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். புருஷனை இழந்தவள் இங்கே கைக்குட்டையை மறந்தாலும் அதை மறக்க மாட்டாள். போகிற இடமெல்லாம் அதைத்தான் கேட்பார்கள்.

அன்று மாலையே உத்தரவாதம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் நானே பதினெட்டு மைல் ஓட்டிப் போய்க் காபித்தூளும் உருளைக்கிழங்கும் வாங்கினேன். ஜனெலிடம், பண்டிகைக்கு நீதான் இங்கே வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

லீலண்டின் பிக்கப் வண்டியை விற்றாயிற்று. கார் கொட்டகையில் அது நின்ற வலப்பக்கம் காலி. நடுவில் விட்டால் கதவு இடிக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இடப்பக்கத்தில்தான் விடுகிறேன்.