கட்டாத பந்தயம்

சேதுபதி சத்தியம் செய்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாகக் குதிரை மேல் பணம் கட்டுகிறவர். விடப்போகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"இதுதான் கடைசி, சந்திரா. கேலாங் சிவன் கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். இந்தப் பந்தயத்துல நான் தோத்தா ஜென்மத்துக்கும் குதிரை கிடையாது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீயே நிறுத்தச் சொல்ல மாட்டே லா."

ஆஸ்திரேலியாவில் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பந்தயம். ஆயிரத்து இருநூறு மீட்டர். ஒரு நிமிடம் பத்து வினாடியில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக இந்த மனுஷன் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறார். எந்த வருடம் எந்தக் குதிரை, எந்த கேட்டிலிருந்து கிளம்பியது, எத்தனை கிலோ சுமந்தது, ஜெயித்தால் ஒன்றுக்கு எத்தனை கொடுத்தது, எல்லாம் அதில் இருக்கும். பக்கத்திலேயே தோற்ற டிக்கெட்டைப் பசை போட்டு ஒட்டுவார். எங்கள் கல்யாண ஆல்பத்தைக்கூட அவர் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. சிங்கப்பூரில் மிச்சமிருந்த கிராஞ்சிக் குதிரைப்பந்தய மைதானத்தையும் மூடியபோதாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். எங்கே! வெளிநாட்டுக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டார்.

"பாரு, எல்லாரும் கட்டுற ஃபேவரைட் இருபத்திரண்டு தடவைல ஆறு தடவைதான் வந்திருக்கு. உள்பக்க கேட் சுத்தமா ஆகாது. அஞ்சு வயசுப் பொட்டைக் குதிரை, வெளி கேட், லைட் வெயிட். இது மூணும் ஒண்ணா அமைஞ்சது மூணே வருஷம். மூணுலயும் அதுதான் ஜெயிச்சிருக்கு. இந்த வருஷம் ஒன்பதாம் நம்பர். ஒண்ணுக்குப் பன்னெண்டு!"

ஒரு உறையில் மூவாயிரம் வெள்ளியைப் போட்டு என் கையில் திணித்தார். சனிக்கிழமை அவருக்குப் பஸ் டியூட்டி, ஓட்டும்போது போனைத் தொட முடியாது. போனில் கட்டும் கணக்கையும் போன வருடம் நான்தான் சண்டை போட்டு மூடவைத்தேன். காய்கறி வாங்க எப்படியும் தேக்கா சந்தைக்குப் போவேன் என்பதால், அங்கிருக்கும் பந்தயக் கவுண்டரில் என்னையே கட்டிவிட்டு வரச் சொன்னார்.

போனேன். வரிசையில்கூட நின்றேன். முன்னால் நான்கு பேர். மூவாயிரம்! எங்கள் செங்காங் வீட்டில் குளியலறைக் கூரை ஆறு மாதமாக ஒழுகுகிறது, கேட்டால் காசில்லை என்பார். இவர் நோட்டு என்றைக்கு உருப்படியாகச் சொல்லியிருக்கிறது? இந்தக் குதிரையும் தோற்கத்தான் போகிறது. கட்டாமல் விட்டால் சத்தியமும் நிற்கும், பணமும் மிஞ்சும். முன்னால் ஒருவர் மட்டும் இருந்தபோது வரிசையை விட்டு விலகினேன்.

கோப்பிக்கடையில் தே ஓ வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஜெயித்துவிட்டால்? முப்பத்தாறாயிரம் வெள்ளி! யாரிடம் போய் நிற்பேன்? இருபத்திரண்டு வருடம் காத்திருந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பேன்? தேநீரை அப்படியே விட்டுவிட்டுக் கவுண்டருக்கு ஓடினேன். வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் ஒருவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

"குளோஸ் ஆயிடுச்சு அக்கா. ஓடப் போவுது."

அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கதவுகள் திறந்தன. ஒன்பதாம் நம்பர் ஜாக்கிக்கு மஞ்சள் சட்டை. கடைசியில்தான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வெளிப்பக்கமாக ஏறத் தொடங்கியது. பத்தாவது, ஏழாவது, நாலாவது. தோற்றுப்போ, தோற்றுப்போ, பாவி, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று முணுமுணுத்தேன். டாக்ஸிக்காரர் "வா, வா, நைன்!" என்று கத்தினார். இரண்டு குதிரைகள் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. எது முந்தியது என்று படம் பார்த்துச் சொல்வார்களாம். அந்த மூன்று நிமிடத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை.

ஒன்பதாம் நம்பர் இரண்டாவதுதான். டாக்ஸிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் காய்கறியோடு அரைக்கிலோ இறாலும் வாங்கினேன்.

நான்கு மணிக்குச் சேதுபதி வந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. நீல நோட்டையும் பசை டப்பாவையும் மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு தலை அளவுல போச்சு, சந்திரா. பரவாயில்ல, சத்தியம் சத்தியம்தான். டிக்கெட்டக் குடு. ஒட்டிட்டு நோட்டைக் குப்பையில போட்டுடறேன்."

டிக்கெட்! அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த கோலம் பார்க்கப் பாவமாக இருந்தது. பணம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் மனசு ஆறுமே என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்! உறையை எடுத்து நோட்டின் மேல் வைத்தேன்.

"நான் கட்டலைங்க. திட்டுறதுன்னா திட்டிக்கோங்க."

அவர் திட்டவில்லை. உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் தோக்கல," என்றார் மெதுவாக.

"குதிரை தோத்துருச்சுங்க!"

"குதிரை தோத்துச்சு. நான் எங்க தோத்தேன்? கட்டவே இல்லையே. சாமிகிட்ட 'நான் தோத்தா'ன்னுதானே சொன்னேன்."

கலங்கிய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பசை டப்பாவை மூடினார். இந்த வருடத்துக்கு நேராக, 'இரண்டாவது, ஒரு தலை அளவு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"பாத்தியா, நோட்டு எவ்ளோ கிட்டக் கொண்டுவந்துருச்சு! மூணு வாரத்துல இன்னொரு ஆயிரத்து இருநூறு மீட்டர் பந்தயம் இருக்கு."

பாய்ந்து உறையைப் பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே உனக்குத் தொந்தரவு தர மாட்டேன், சந்திரா. லீவு போட்டுட்டு நானே போறேன்."