காசால் தட்டிப் பார்ப்பவர்

எனக்குச் சக்களத்திகள் நிறைய. எல்லாரும் சுவரில் தொங்குகிறார்கள். சோடா, டீ, இஞ்சி பானம், ஆரஞ்சு ஜூஸ் என்று அந்தக் காலத்துக் கடை வாசல்களில் மாட்டியிருந்த எனாமல் விளம்பர போர்டுகள். என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலை முடிந்து வரும்போது பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் ஒரு போர்டை அணைத்துக்கொண்டு வருவார். எங்கள் கல்யாண போட்டோவுக்குக் குளியலறைக் கதவுக்கு மேல்தான் இடம் கிடைத்தது.

வாங்குவதில் ஆள் கெட்டி. விளிம்பைத் தடவுவார், பின்பக்கத் துருவைச் சுரண்டுவார், கடைசியில் காசை எடுத்துத் தட்டுவார். உடையாத எனாமல் ‘ணங்’கென்று பேசும். உடைந்த இடத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து ஏமாற்றுகிற போர்டு ‘டப்’பென்று அடங்கிவிடும். கேட்டுக் கேட்டு எனக்கே அது பாடமாகிவிட்டது.

இந்த வருஷம் அவர் மாறிப்போனார். நான் பேசினால் பதில் இல்லை, வெறும் சிரிப்பு. குழம்பில் உப்பு சரியா என்றால் சிரிப்பு. என் தம்பிக்கு வேலை போய்விட்டது என்றேன், அதற்கும் சிரிப்பு! “செவிடன் காதுல ஊதின சங்கா போச்சு என் பேச்சு” என்று கத்தியும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் அலுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து மனசு விட்டுப்போயிருந்தது. போர்டைப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தால் குறைந்தா போய்விடுவார்?

போன ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். கடைக்காரர் ஒரு எலுமிச்சை சோடா போர்டை எடுத்து வைத்தார். பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தது. இவர் தடவினார், சுரண்டினார், காசால் தட்டினார்.

டப்.

கடைக்காரர் தரையைப் பார்த்தார். இவரோ முகமெல்லாம் பல்லாக, “ஆஹா! என்னமா பேசுது பாத்தியா!” என்றார்.

நான் இவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, சாதாரணக் குரலில், “பட்டி பூசினதை யார் தலையில கட்டப் பாக்குறீங்க?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். இவர் திரும்பவே இல்லை. போர்டைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன்.

“நல்ல போர்டு. ஏன் வேணாங்கற?”

எதிரே போய் நின்று, என் வாய் அவருக்குத் தெரியும்படி கேட்டேன். “எத்தனை நாளா காது கேக்கல?”

சிரிக்கப் பார்த்தார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

“கொஞ்ச நாளாவே. சத்தம் வருது, பேச்சு புரியல. நீ ஏதோ நல்லதுதான் சொல்றன்னு நெனச்சு சிரிச்சுடுவேன்.”

“ஏங்க சொல்லல? நான் என்ன அந்நியமா?”

காசை விரலுக்குள் உருட்டிக்கொண்டே நின்றார். “சொன்னா நீ பேசறத நிறுத்திட்டா? இவருக்குத்தான் கேக்காதேன்னு விட்டுட்டா? புரியலன்னாலும் வீட்டுல உன் சத்தம் இருந்துக்கிட்டே இருக்கணும் எனக்கு.”

வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒருமனதாகப் பேர் வாங்கியவள் நான். அப்பேர்ப்பட்டவள் நடுத்தெருவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

“நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்!” என்றேன், இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி.

“சரி சரி, போலாம்.”

“இவ்வளவு நாள் நான் பேசினதுல எதெல்லாம் காதுல விழல?”

யோசித்தார். “அது எப்படித் தெரியும்? நீ முதல்லேர்ந்து சொல்லு.”

பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தோம். அவர் என் வாயைப் பார்த்தபடி, பக்கவாட்டில் திரும்பியே நடந்து வந்தார். தம்பி வேலை போன கதையிலிருந்து ஆரம்பித்தேன்.