உடைந்த படி

பார்சல் வேன் ஓட்டுகிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண். வயது வித்தியாசமில்லாமல் கிடங்கில் எல்லோருக்கும் அவள் அக்கா. வேனின் பின்படி ஒரு பக்கம் தொங்குகிறது என்று மேலாளரிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள். "பாத்துக்கலாம்மா" என்பதோடு சரி. செவ்வாய்க்கிழமை காலை, மழை ஈரத்தில் மின்விசிறிப் பெட்டியோடு இறங்கும்போது படி சாய்ந்துவிட்டது. பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. அவளுடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

மூன்றாம் நாள், மாவுக்கட்டும் கையுமாக இருந்தவளைக் கிடங்குக்கு வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கொண்டுவந்து விட்ட கணவன் வாசலிலேயே கெஞ்சினான். "எது எழுதியிருந்தாலும் போட்டுட்டு வந்துடு. வாயக் குடுத்து வம்ப வாங்காத."

அவள் உள்ளே போனாள். மேலாளர் நீட்டிய தாளில் 'ஓட்டுநரின் கவனக்குறைவால் கால் தவறியது' என்று டைப் அடித்திருந்தது.

"கால் தவறல சார். படிதான் சாஞ்சுது."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுதானே? அப்ப படின்னே மாத்தி அடிங்க."

மேலாளர் முகம் சுண்டிப்போயிற்று. "அந்தப் படிக்கு ஒரு கேடும் இல்ல. நானே பாத்தேன்."

"பாத்தா ஆச்சா? ஏறி எறங்குங்க. வாங்க."

சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் பின்வாங்க அவருக்கு மனம் வரவில்லை. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர், ஒரு பெட்டியை அவர் கையில் திணித்தார். மேலாளர் அவள் வேனில் ஏறிவிட்டார். இறங்கும்போது படி சரிந்தது. பெட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அவள்தான் இடது கையால் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன சார், கவனக்குறைவா?" என்றார் மீசை. ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை.

அவள் தாளைத் திருப்பிப் போட்டு இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்: 'படி உடைந்திருந்தது. மூன்று முறை சொன்னேன்.' கையெழுத்திட்டாள். மீசை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது.

பிறகு அவரவர் வேன் படியை அவரவர் மிதித்துப் பார்த்தார்கள். ஏழு தேறவில்லை. ஏழு சாவிகள் மேலாளர் மேஜைக்குப் போயின.

"சரி பண்ணாம வண்டி நகராது சார்."

மேலாளர் கத்தினார், மிரட்டினார், யார் யாருக்கோ ஃபோன் போட்டார். மதியத்துக்குள் வெல்டிங்காரர் வந்து சேர்ந்தார். அவளுக்கும் வேலையில் பட்ட காயம் என்றே பதிவாயிற்று.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். மணிக்கட்டு முன்போல முழுதாக மடங்கவில்லை. கனமான பெட்டிக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டாள். மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் ஆளை அனுப்பினார்.